பிச்சிப்பூ வாசம்

தென்காசிக்காரர்கள் காலையில் எழுந்ததும் மேற்கே பார்ப்பார்கள். சூரியன் அவன்பாட்டுக்குக் கிழக்கே வந்துகொள்வான். ஊருக்கு வேண்டிய சேதி மலையில் இருக்கிறது. வைகாசி பாதி கழிந்துவிட்டால் பல் விளக்கும் குச்சியும் கையுமாகத் தெருவுக்கு வந்து நிற்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வார்கள்: “மல மூடிருக்கா?”

மூடியிருந்தால் சாரல். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், அருவி விழும், குற்றாலத்துக்கு ஊர் ஊராக ஜனம் வரும். மூடாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பங்கரைப் பேச்சு தணிந்துவிடும். அப்பாவின் பிழைப்பு அப்படி. பஜாரில் அரைக் கதவு அகலத்தில் ஒரு ஜவுளிக் கடை. வருஷத்தில் ஒன்பது மாதம் அது வாய்க்கும் வயிற்றுக்கும். மீதி மூன்று மாதம், ஆனியிலிருந்து ஆவணி வரை, குற்றாலத்தில் சீசன் கடை போட்டுத் துண்டு விற்பது. அந்த மூன்று மாதத்தில்தான் பள்ளிக்கூடச் சம்பளம், தீபாவளி, சித்தி கல்யாணக் கடன் எல்லாம். குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டை மறந்துவிட்டு வருவார்கள், மீதிப் பேர் கொண்டுவந்த துண்டை அருவியில் விட்டுவிடுவார்கள் என்பது அப்பாவின் வியாபாரக் கணக்கு.

இதில் ஒரு கூத்து உண்டு. கடைக்கு ஏலம் நடப்பது கோடையில். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பாறை காய்ந்து கிடக்கும்போது, அந்தப் பாறைக்கு எதிர்த்த கடைக்கு விலை சொல்ல வேண்டும். சீசன் எப்போது தொடங்கும், எத்தனை நாள் நிற்கும் என்று ஏலம் விடுகிறவருக்கும் தெரியாது, எடுக்கிறவருக்கும் தெரியாது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில்தான் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூட ராசப்பக் கவிராயர் ஊர். குறத்தி வந்து கையைப் பார்த்துப் பலன் சொல்லுகிற நாடகத்தைத் தந்த மண்ணில், ஆனி மாதம் மழை உண்டா என்று சொல்ல ஒரு ஆளில்லை என்று அப்பா பஸ்ஸில் போகும்போது சிரிப்பார். ஏலம் எடுத்த பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துவிடும்.

ஆகவே ஏலத்துக்கு முந்தின நாள் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் ஆச்சி பூப்பறிக்கப் போவாள். கணக்குப் போடாமல் சாமியிடம் கேட்கக் கூடாது என்பது அவள் சட்டம். “நீ யோசிக்க வேண்டியத அவன் தலையில ஏத்தாத. யோசிச்சு முடியாத பாக்கிய மட்டும் கொண்டுபோயிக் குடு” என்பாள்.

நான் சொல்ல வந்தது எனக்கு எட்டு வயதிருக்கையில் நடந்தது. பெரிய கோயில் கோபுர வேலை நடந்துகொண்டிருந்த காலம். அந்த வருஷம் வழக்கத்தைவிடப் பெரிய கடை, பேரருவிக்குப் போகிற பாதையிலேயே. துணிந்தால் நல்ல காசு. தவறினால் அம்மாவின் வளையல். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “அத்தை, இந்தத் தடவை சின்னக் கடையே போதும்னு அவியகிட்டச் சொல்லுங்களேன்” என்றாள். ஆச்சி பதில் சொல்லவில்லை. இரண்டு வாழையிலை நறுக்கை எடுத்து, கிழியாமல் மடிவதற்காக அடுப்பு அனலில் லேசாக வாட்டினாள். ஒன்றில் பிச்சிமொட்டு நாலைந்து. மற்றதில் செவ்வரளி. இரண்டையும் ஒரே அளவாக மடித்து, நனைத்த வாழைநாரால் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டாள். வெள்ளை வந்தால் எடுக்கலாம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார்கள். சூடம் எரிந்து முடிந்தது. “எடுல” என்றார் அப்பா. பொய் பேசத் தெரியாத பிள்ளை கையால் எடுக்க வேண்டும் என்பதற்காக என்னைக் கூட்டிவந்திருந்தார்கள்.

குனிந்தேன். பிச்சிப்பூவை அறிந்தவர்களுக்கு இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தி நேரத்தில் மொட்டு அவிழத் தொடங்கினால் அதன் வாசத்தை வாழையிலை கட்டிவைக்குமா? சூடப் புகையையும் மீறி இடது பக்கப் பொட்டலத்திலிருந்து வந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பெரிய கடை, அருவிக்குப் பக்கத்தில், சனி ஞாயிறு முழுக்கக் குளியல். இடது பக்கத்தை எடுத்தேன்.

அப்பா பிரித்துப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆச்சி என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடையநல்லூர்த் தறிக்காரர்களிடம் கடனுக்குச் சரக்கு வந்தது. வீட்டுக்குள் துண்டு மலையாகக் குவிந்து, புதுத் துணிக் கஞ்சி வாசம். அப்பா எண்ணுவார், நான் அடுக்குவேன். ஒன்று என்று தொடங்க மாட்டார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு…” என்று போகும். புது நோட்டில் பிள்ளையார் சுழி. கொட்டகைக்குப் புதுத் தட்டி. எல்லாம் தயார். அருவிதான் பாக்கி.

ஆனி பிறந்தது. காற்று வந்தது, மழை வரவில்லை. மேல்காற்று விசில் அடித்துக்கொண்டு வந்து தட்டியைத் தூக்கி அடித்தது, அவ்வளவுதான். மலை வழித்துவிட்ட மாதிரி பச்சையாகத் தெளிவாக நின்றது. மற்றவர்களுக்கு அது அழகான காட்சி; எங்களுக்கு வயிற்றெரிச்சல். பேரருவியில் பாறையோரமாக நூல் மாதிரி இரண்டு கசிவு. வந்த கொஞ்சம் பேரும் அதில் தலையை நனைத்துக்கொண்டு, நேந்திரங்காய் வற்றல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். தலை நனைந்தவனுக்குத் துண்டு எதற்கு?

வேலையில்லாத அந்த நாட்களில் ஒருநாள் அப்பா என்னை அருவிக்கு நேரே கூட்டிப்போய் நிறுத்தினார். மேலே கையைக் காட்டி, “பொங்குமாங்கடல் அங்கதான் இருக்கு” என்றார். உச்சியிலிருந்து வருகிற தண்ணீர் நேராக நம் தலையில் விழுந்தால் ஆள் பிழைக்க முடியாது. நடுவில் பாறைக் குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, அதன் பிறகே கீழே வருகிறது. அதனால்தான் பச்சைப்பிள்ளைகூட நிற்க முடிகிறது. பிறகு பாறையைக் காட்டினார். அருவி விழுகிற இடத்தில் பாறை முகத்தில் சின்னச் சின்ன லிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றிரண்டல்ல, நிறைய. தண்ணீர் வெள்ளமாக விழும்போது வருகிறவர்களுக்கு இவை கண்ணில் படுவதில்லை. காய்ந்த பாறையில் வெயில் பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“தண்ணி இல்லன்னாத்தான் இவரப் பாக்க முடியும்” என்றார் அப்பா. சமாதானத்துக்குச் சொன்னாரா, குத்தலாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எனக்கோ அத்தனை லிங்கமும் என்னையே பார்ப்பது போலிருந்தது. மூக்கால் முகர்ந்து எடுத்தவன் இவன்தான் என்று.

அந்தப் பயம் என்னைத் தின்றது. மழை வராததற்கு நான்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம் என்று சொல்ல இருந்த பிள்ளையார் வாயை நான் பொத்திவிட்டேன். ராத்திரி படுக்கையில் அம்மாவின் மொட்டைக் கையைப் பார்ப்பேன். கண்ணாடி வளையல் இரண்டு மட்டும் கிடந்தது.

ஒரு சாயங்காலம் ஆச்சி பெரிய கோயிலுக்குக் கிளம்பினாள், நானும் போனேன். காசி விசுவநாதர் கோயில் வாசலில் காற்று எப்போதும் விளையாடும். முதலில் முகத்தில் அறையும், உள்ளே நகர்ந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளும். கோபுரத்தைச் சுற்றிலும் சாரம் கட்டியிருந்தார்கள். ஆச்சி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது மொட்டைக் கோபுரத்தைத்தான். நடுவில் இரண்டாகப் பிளந்து, இடுக்கில் செடி முளைத்து நின்ற கோபுரம். இடி விழுந்தது என்பாரும் உண்டு, தீப்பிடித்தது என்பாரும் உண்டு. “நான் கண்ண மூடுறதுக்குள்ள முடிச்சிருவான் போலிருக்கு” என்றாள். முடித்துவிட்டார்கள், 1990-இல் கும்பாபிஷேகம், ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. அவளும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

உள்ளே தூணடியில் உட்கார்ந்து கதை சொன்னாள். பராக்கிரம பாண்டியனுக்குக் காசிக்குப் போக ஆசை. சாமி கனவில் வந்து, அவ்வளவு தூரம் வராதே, எறும்புச் சாரை போகிற வழியில் போ, அது முடிகிற இடத்தில் நான் இருப்பேன் என்றதாம். ராஜா எறும்பின் பின்னால் நடந்து சிற்றாற்றங்கரைச் செண்பக வனத்துக்கு வந்து சேர்ந்தான். நான் கேட்டேன், எறும்பு வழி தப்பியிருந்தால்? “அப்ப வேற எறும்பு” என்றாள் சாவகாசமாக.

அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். கல்வெட்டில் ராஜா எழுதிவைத்திருக்கிற செய்தி, கோயிலில் யாரோ வாசித்துக் காட்ட அவள் கேட்டது. 1446-இல் திருப்பணி தொடங்கியவன் அவன். கோபுரத்தையும் ஆரம்பித்தான், முடியுமுன் போய்விட்டான், தம்பிதான் முடித்தான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை வந்து, அதைத் திருத்திக் காக்கப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான். வளர்ந்து நானே போய்ப் படித்தபோது ஒன்று உறைத்தது. சாமிக்குக் கட்டிய கோயில். சாமி காப்பாற்றிக்கொள்ளும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவன் அப்படி எழுதவில்லை. இடியும் என்று தெரிந்தே அவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறான். அதைப் பார்த்து நிமிர்த்த ஒருவன் வருவான் என்றும் நம்பியிருக்கிறான். முன்பின் தெரியாத அந்த ஆளுக்கு ஐநூறு வருஷம் முன்கூட்டியே ஒரு கும்பிடு. எனக்குத் தெரிந்து இதைவிடத் துணிச்சலான திட்டம் கிடையாது.

அன்றைக்கு எட்டு வயதில் எனக்குக் கேட்டதெல்லாம் ‘குறை’ என்ற சொல் ஒன்றுதான். அழுதுவிட்டேன். பிச்சி வாசத்தை மோந்து பார்த்துத்தான் எடுத்தேன் என்று தூணைப் பார்த்துச் சொன்னேன்.

ஆச்சிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். “உன் மூக்க நம்பியால மழ பெய்யுது? எந்திரி, நட சாத்தப் போறான்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த காரியங்களை வரிசையாக நினைவிருக்கிறது. மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாய் முடிந்து குற்றாலநாதருக்கு என்று சாமி படத்தடியில் வைத்தாள். உடனே போய் நெல் குலுக்கைக்குள் கையை விட்டு எத்தனை நாளைக்கு வரும் என்று அளந்தாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, “அருவி உங்கிட்ட வரலன்னா நீ ஆத்துக்குப் போ. ஆடி அமாவாசைக்குப் பாவநாசத்துல முங்குறவன் என்னத்தக் கொண்டு துவட்டுவான்?” என்றாள். அப்பா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்மா, கடைய யாரு பாப்பா?” என்றார். “கடையில என்ன வாழுது?” என்றாள் ஆச்சி.

பாவநாசத்துக்கு ஒரு மூட்டை போயிற்று. சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு இன்னொரு மூட்டை. தோளில் சுமந்து, கூட்டத்தில் நின்று, தொண்டை கட்டக் கூவி விற்றார். அவர் கூவி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைக்காரர் அவர், கூவுகிறவர் இல்லை. திரும்பிவந்த ராத்திரி சட்டைத் தோளில் மூட்டை அழுத்திய தடம் அழுக்காக இருந்தது. அம்மா அதைத் துவைக்கும்போது ஒன்றும் பேசவில்லை.

மழை ஆடி பாதியில் வந்தது. ஒரு ராத்திரி ஓட்டின் மேல் சாரல் விழுந்து, விடியும்போது மலை இருந்த இடமே தெரியவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு குற்றாலம் போனால், அருவி செம்மண் நிறத்தில் மரக்கிளைகளோடு இறங்குகிறது. போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு கயிறு கட்டி நிற்கிறார். குளிக்கத் தடை. காய்ந்தபோதும் துண்டு விற்கவில்லை, பெய்தபோதும் விற்கவில்லை. அப்பா கடைப் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். ஏலத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நாலாம் நாள் கயிற்றை அவிழ்த்தார்கள். அதன்பின் மூன்று வாரம் கை ஓயவில்லை. “லாபம், ரெண்டு, மூணு” என்று ராத்திரி எண்ணுவதற்குச் சரக்கு குறைந்துகொண்டே வந்தது. தறிக்காரர் கடன் அடைந்தது. ஏலப் பணத்தில் கொஞ்சம் கைநஷ்டம். அம்மாவின் வளையல் தை மாதம்தான் திரும்பியது, அதுவும் வட்டி கட்டி.

அடுத்த கோடையில் மறுபடி ஏலம். அப்பா நோட்டும் பென்சிலுமாக மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த முறை நடுத்தரக் கடை. பாவநாசத்துக்கு ஒரு மூட்டை என்று முதலிலேயே தனியாக எழுதியிருந்தார். ஆச்சி கொல்லைக்குப் போனாள். பிச்சிக் கொடி பந்தல் முழுக்கப் பூத்துக் கிடந்தது. அதைத் தாண்டிப் போய் நந்தியாவட்டை இரண்டு பறித்தாள். அரளியையும் விட்டுவிட்டுச் செம்பருத்தி ஒன்று. இலையை வாட்டி, மடித்து, நாரை இறுக்கினாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையார் முன்னால் சூடம் எரிந்து அணைந்தது. “எடுல” என்றார் அப்பா. குனிந்தேன். பழக்க தோஷம், மூச்சை இழுத்தேன். வாட்டிய வாழையிலை வாசம் மட்டும்தான் வந்தது.