படுக்கையும் பசியாறலும்



இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பினேன் என்றதும், "சார், அரண்மனையைப் பார்த்தீர்களா? பெரிய மணிக்கூண்டைப் பார்த்தீர்களா?" என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். பார்த்தேன். அவற்றைப் படத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு கிராமத்து வீட்டில் இரண்டு இரவு தங்கிய கதை.

என்னிடம் ஆறாம் ஆண்டுவரை படித்த ஒரு பெண், பால்மரம் வெட்டியவரின் மகள், இன்று சவுத்தாம்ப்டன் நகரில் தாதியாக வேலை செய்கிறாள். "விமானச் சீட்டை மட்டும் எடுங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பல முறை கூப்பிட்டாள். சில ஆண்டுகளாகச் சேர்த்த வெள்ளியை எடுத்துக்கொண்டு ஜூன் மாத விடுமுறையில் புறப்பட்டேன். அவளுடைய காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மேற்கே போய், டார்செட் வட்டாரத்தில் டால்பட்டில் என்ற சிற்றூருக்கு அருகே இறங்கினோம்.

அந்த நாட்டில் கிராமத்துக் குடும்பங்கள் சில, தங்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி வழிப்போக்கருக்கு வாடகைக்கு விடுகின்றன. இரவு படுக்கை, காலையில் பசியாறல், இவ்வளவுதான் கணக்கு. மதியச் சாப்பாடும் இராச் சாப்பாடும் நம் பாடு. ஹோட்டல் போல் முன்கூடத்தில் சிப்பந்தி கிடையாது. வீட்டுக்கார அம்மாளே கதவைத் திறந்து, சாவியைக் கையில் கொடுத்து, குளியலறையைக் காட்டுவார். அறையில் ஒரு மின்கேத்தல், தேத்தூள், பால், இரண்டு பிஸ்கட்.

நாங்கள் தங்கியது பழைய பெரிய கல்வீடு. முன்னால் புல்தரை, ரோஜாப் பாத்தி, சரளைக்கல் பாதை. உள்ளே கணப்படுப்பு, சுவரில் குதிரைப் படங்கள். எங்கேயோ பார்த்த வீடாக இருக்கிறதே என்று யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்துத் துரை பங்களா! நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளைக்காரத் துரைகள் போய்விட்டார்கள். ஆனால் புல்தரையும் ரோஜாப் பாத்தியும் அப்படியே இருந்தன. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். அந்த வெயிலில் ரோஜாவை வளர்க்க எத்தனை தோட்டக்காரர்கள் தண்ணீர் சுமந்தார்களோ! துரைமார் தங்கள் ஊரை இங்கே நட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது அங்கே போனபிறகுதான் எனக்குப் புரிந்தது.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. தூரத்தில் செம்மறியாடு கத்துவதைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த வீட்டில் என் மாணவி எனக்காகக் கொண்டுவந்த இகான் பிலிஸ் சம்பல் போத்தலைத் திறக்கவே பயமாக இருந்தது. சன்னலைத் திறந்துவைத்து, குற்றவாளிகளைப் போல் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம்.

காலையில்

பெரட்டு மணி கேட்டு வளர்ந்தவனுக்கு எங்கே தூக்கம் வரும்? ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிட்டது. வெளியே நடந்தேன். அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தனியார் நிலமாக இருந்தாலும், பொதுநடைபாதை என்று பலகை வைத்த தடத்தில் யாரும் நடக்கலாம். நிலக்காரர் தடுக்க முடியாது. வாயிற்படலைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பனியில் கால் நனைய நடந்தபோது கறவை மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் போனார். விடியுமுன் எழுந்து பால் எடுக்கிற மனிதர் அங்கேயும் உண்டு என்று எண்ணிக்கொண்டேன். நமக்கு மரத்துப் பால். அவருக்கு மாட்டுப் பால்.

திரும்பியபோது பசியாறல் தயாராக இருந்தது. பொரித்த முட்டை, தக்காளி, காளான், வேகவைத்த பயறு, வாட்டிய ரொட்டி, ஆரஞ்சு ஜாம். பன்றி இறைச்சி வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் இன்னொரு முட்டை வைத்தார்கள்.

பரிமாறியவர் உதவிக்கு வரும் ஓர் அம்மாள். வயது எழுபதுக்கு மேல். "எந்த ஊர்?" என்று கேட்டார். மலேசியா, ரப்பர் தோட்டம், தொழிலாளர் வீடு என்று சொன்னேன். வீடு என்ற சொல்லில் அவர் நின்றுவிட்டார்.

"யாருடைய வீடு? உங்களுடையதா, முதலாளியுடையதா?"

முதலாளியுடையது என்றேன். தேநீர்க் கூஜாவை மேசையில் வைத்தார்.

"என் அப்பா பக்கத்துப் பண்ணையில் மாடு கறந்தவர். வீடு பண்ணைக்காரருடையது. 1962இல் அப்பாவுக்கு இடுப்பு முறிந்தது. அடுத்து வரும் ஆளுக்கு வீடு வேண்டும் என்றார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. சட்டி பானையை வண்டியில் ஏற்றியது நினைவிருக்கிறது. கோழிகளை விட்டுவிட்டுப் போனோம்."

இப்படி வேலையோடு கட்டிப்போட்ட வீடுகள் இங்கிலாந்துக் கிராமங்களில் ஏராளமாக இருந்தன. வேலை போனால் கூரையும் போகும். 1976இல்தான் பண்ணைத் தொழிலாளரை அப்படி எளிதில் வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்தது.

என் மாணவி என்னைப் பார்த்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது. என் தந்தை முப்பத்தொரு ஆண்டு ஒரே தோட்டத்தில் மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றதும், "சாவியை ஆபீசில் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அம்மா நட்ட முருங்கையில் அன்று பூ இருந்தது. என் தந்தை சாவியைத் துடைத்துக் கொடுத்தார். ஏன் துடைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

துரைமார் எல்லாரும் இந்த முன்வாசல் வழியாக வந்தவர்கள் என்றும், வெள்ளைக்காரன் என்றாலே பங்களாவில் இருப்பவன் என்றும்தான் நான் நினைத்திருந்தேன். பின்வாசல் வழியாக வந்துபோன வெள்ளைக்காரர்களை நமக்கு யாரும் காட்டவில்லை.

ஒரு மரத்தடியில் ஆறு பேர்

"மரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார் அந்த அம்மாள். பார்த்தோம். டால்பட்டில் ஊர்ப் புல்வெளியில் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிக்கமோர் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடியில்தான் அந்த ஊர்ப் பண்ணைக் கூலிகள் கூடிப் பேசினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. வாரக் கூலியை ஒன்பது சில்லிங், எட்டு, ஏழு என்று குறைத்துக்கொண்டே வந்து, ஆறு என்று சொன்னபோது, 1833இல் ஒரு சங்கம் வைத்தார்கள். கூலிக்காகக் கூடியது குற்றமென்று வழக்குப் போட முடியாததால், இரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். 1834 மார்ச்சில் டார்செஸ்டர் நகர நீதிமன்றம் ஜார்ஜ் லவ்லஸ் முதலிய ஆறு பேரை ஏழாண்டு தண்டனையில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. நாடெங்கும் மக்கள் கொதித்தெழுந்து மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். 1836இல் மன்னிப்பு வந்தது. திரும்பிய ஆறு பேரில் ஐவர் பிறகு கனடாவில் குடியேறினர். ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான் டால்பட்டிலில் வாழ்ந்தார். அவரும் கடைசியில் 1891இல் டார்செஸ்டரில் ஏழைகள் விடுதியில் இறந்தார். அவருடைய கல்லறை ஊர் மாதாகோயில் வளாகத்தில் இருக்கிறது.

நூறாண்டு நிறைந்த 1934இல், தொழிற்சங்கக் காங்கிரஸ் அந்த ஆறு பேர் நினைவாக ஊரில் ஆறு வீடுகள் கட்டியது. யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? வயதான பண்ணைத் தொழிலாளருக்கு! சிலை வைப்பதைவிட ஒரு கூரை போடுவது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வீடுகளுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் புறப்படும்போது வீட்டுக்கார அம்மாள் விருந்தினர் புத்தகத்தை நீட்டினார். பெயர், முகவரி, கருத்து என்று மூன்று கட்டங்கள். என் பெயருக்கு முன்னால் என் தந்தையின் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினேன். முகவரியில் தாமானில் நான் தவணை கட்டி முடித்த சின்ன வீட்டின் எண். பரிமாறிய அம்மாள் எட்டிப் பார்த்து, "இது உங்களுடைய வீடா?" என்றார். "ஆம், என்னுடையது" என்றேன். "நல்லது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசகர்களே, இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் வலுவிருக்கும்போதே சொந்தக் கூரைக்கு வழி தேடுங்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்க வழியிருக்கிறது; விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள், பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். முருங்கை நடுவதாக இருந்தால், பூக்கும்போது நாமே பறிக்கிற இடத்தில் நடுவோம்.