நெல்லாய்ச் சாய்ந்த கோதுமை

பழைய பூசை உடுப்பொன்று கையில் கிடைத்தால் முதலில் அதன் முதுகுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை குருவானவர் பீடத்தை நோக்கி, சனங்களுக்கு முதுகு காட்டி நின்றுதான் பூசை செய்தார். சரிகைச் சிலுவை, செம்மறிக்குட்டி, தன் இரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் பெலிக்கன் பறவை என்று வேலைப்பாடெல்லாம் முதுகில் குவிந்தது அதனால்தான். முன்பக்கம் கைகள் தடையின்றி அசைவதற்காக ஒடுக்கமாக வெட்டப்பட்டிருக்கும். பீடத்தின் விளிம்பில் உரசும் இடுப்பு மட்டத்தில்தான் நூல் முதலில் அறும்.

வலிகாமத்துக் கோயில் ஒன்றில் எனக்கு இவற்றைக் காட்டியவர் வயதான சிஸ்டர் ஒருவர். அலுமாரி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா. அடியில் இறந்தோர் பூசைக்கான கறுப்பு. ஓர் உடுப்பின் உள்துணியில் பிரெஞ்சு எழுத்தில் சிறு துணிச்சீட்டு. லியோன் நகரம் என்று வாசிக்க முடிந்தது.

பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம் லியோன். அங்கே பட்டு முதலாளி ஒருவரின் மகளான போலின் ஜாரிக்கோ, ஆலைப் பெண்களிடம் வாரத்துக்கு ஒரு சிறு காசு வீதம் சேர்த்தார். அந்த முயற்சியிலிருந்து 1822இல் பிறந்ததுதான் விசுவாசப் பரப்புதல் சங்கம். உலகெங்கும் மறைப்பணிக்கு அதன் பணம் போயிற்று, இலங்கைக்கும் வந்தது. அந்த ஆலைப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் துணிச்சீட்டில் இல்லை. இருப்பது கடையின் பெயர்.

லாச்சியில் இருந்தவை எல்லாம் கப்பலில் வந்தவை அல்ல. அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். செமேரியா ஆண்டகையின் அழைப்பில் போர்தோ திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். எழுத்து வாசிப்போடு தையலும் பூவேலையும் றேந்தைப் பின்னலும் மடங்களுக்குள் வந்தன.

சிஸ்டர் விரித்த வெள்ளை உடுப்பு ஒன்றில் திராட்சைக் குலையும் கோதுமைக் கதிரும் இருந்தன. லியோன் உடுப்பில் கோதுமை விறைத்து நிமிர்ந்து நிற்கிறது. இதிலோ கதிர் மணியின் பாரத்தில் வளைந்து சாய்ந்திருக்கிறது. நெல் அப்படித்தான் சாயும். கோதுமை வயலைக் காணாத ஒருத்தி, ஊர் வயலைப் பார்த்த கண்ணால் தைத்திருக்கிறாள். துணிச்சீட்டு இல்லாத அந்த உடுப்பு இந்த மண்ணில் உருவானது என்பதற்கு எனக்கு அந்தச் சாய்வே போதும்.

வேலை நடந்த முறையைச் சிஸ்டர் விரல் வைத்துக் காட்டினார். கடுதாசியில் கீறிய படத்தைக் கோட்டின் வழியே ஊசியால் குத்தி, கரித்தூள் தேய்த்துத் துணியில் இறக்குவார்கள். துணி மரச்சட்டத்தில் இறுகக் கட்டப்பட்டிருக்கும். சரிகை என்பது பொன்முலாம் பூசிய மெல்லிய வெள்ளித் தகட்டைப் பட்டு நூலில் சுற்றியது. ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்துவிடும். அதனால் சரிகையைத் துணியின் மேல் கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் குறுக்கே கட்டிக்கொண்டே போவார்கள். மேடு வேண்டிய இடத்தில் அடியில் பருத்தி நூலோ மட்டையோ வைப்பார்கள்.

“மெல்லமாப் பிடியுங்கோ, தம்பி. பட்டுத்தான் முதலில போகும், சரிகை நிற்கும்” என்றார்.

உண்மைதான். பட்டின் பசையை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலைக்காரர் வெள்ளீய உப்பை ஏற்றினார்கள். அப்படிப் பாரம் கூட்டிய பட்டு, வைத்த இடத்திலேயே கீறுகீறாகக் கிழியும். வியர்வையும் வெயிலும் உப்புக்காற்றும் மடிப்பும் மீதியைச் செய்யும். ஆனால் வேலைப்பாட்டைக் காப்பாற்றலாம். பூவைச் சுற்றி வெட்டி எடுத்து, புதுப்பட்டில் வைத்து, விளிம்பைக் கயிற்றுச் சரிகையால் மூடித் தைப்பார்கள். சிஸ்டர் இளமையில் செய்த வேலை பெரும்பாலும் அதுதான். ஒரே பூ இரண்டு மூன்று உடுப்புகளில் வாழ்ந்திருக்கிறது.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு உடைகளில் பகட்டைவிட உயர்ந்த அழகைத் தேடச் சொன்னது. 1969 திருவருகைக் காலத்தில் புதிய பூசைமுறை நடைமுறைக்கு வந்தது. சனங்களை நோக்கி நிற்கும் குருவுக்கு முதுகுச் சித்திரம் தேவைப்படவில்லை. எளிமை நல்லதுதான், நானும் அதை விரும்புகிறவன். ஆனால் எளிமையின் பெயரில் பழையவற்றை மூலையில் போட்டது எனக்கு ஏற்புடையதல்ல. மெசின் பூவேலை போட்ட பொலியெஸ்டர் உடுப்பில் தைத்தவளின் கை தெரியாது.

1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இந்த அலுமாரி பூட்டியபடி நின்றதாம். திரும்பி வந்து திறந்தபோது கீழ் லாச்சியைக் கறையான் தின்றிருந்தது. எஞ்சியவற்றையாவது மடிக்காமல், அமிலமற்ற தாளுக்கிடையில், அகலப் பெட்டிகளில் கிடத்த வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுக்க வேண்டும். உள்துணியையும் புரட்டிப் பார்க்க வேண்டும், தைத்தவர்களின் முடிச்சுகளும் ஒட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு பங்கிலும் செய்யக்கூடிய வேலை இது. முதல் பட்டியலை எழுதச் சிஸ்டர் ஒரு பள்ளிக் கொப்பி எடுத்துத் தந்தார். வெள்ளை உடுப்பு, நெற்கதிர், துணிச்சீட்டு இல்லை என்று முதல் வரியை எழுதினேன். “கோதுமை எண்டு போடுங்கோ” என்றார். இரண்டையும் போட்டேன்.