சிவப்பு மையில் ஒரு சொல்

ஜூலை 8

பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி அவள். வாதக் கட்டுரைத் தாளின் முதல் பயிற்சி: மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தேவையா? அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா ஜவுளிக் கடை வேலைக்கு தினமும் டவுன் பஸ்ஸில்தான் போகிறார். மளமளவென்று இரண்டு பக்கம் எழுதினாள். ‘மகத்தான’, ‘மாபெரும்’ என்று வரிக்கு வரி. திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது என்பதைத் தவிர உருப்படியான தகவல் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 15

நோட்டு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: ‘ஏது?’

பேராசிரியர் எதைக் கேட்கிறார் என்று குழம்பினாள். அவர் வகுப்பில் மணிமேகலைக் காப்பியத்தைப் பிரித்தார். 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை, அதாவது தருக்கத்தை, சொல்லிக்கொடுக்கும் இடம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. புகை தெரிவதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அவள் கட்டுரையில் நெருப்பு நெருப்பு என்ற கூச்சல்தான் இருந்தது, புகையைக் காட்டவில்லை. இவ்வளவு தெளிவான பாடம் தமிழிலேயே இருக்க, பள்ளியில் யாரும் இதைச் சொல்லித்தராதது பெரிய இழப்பு.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டாள்: “பஸ் காசு மிச்சமாகுதே, அதை என்னம்மா பண்றே?”

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “போக வர இருபது ரூபா. மாசம் இருபத்தாறு நாள் வேலை. கேஸுக்கு எடுத்து வைச்சிடுவேன்.”

520 ரூபாய். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19

எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். ‘விவரம் தெரியாதவர்கள் எதிர்க்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் பேராசிரியர் அடித்துவிட்டார். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது கொள்கை, சொல்கிறார். அதில் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. ஏற்காமல் களைய முடியாது என்றார் பேராசிரியர்.

பக்கத்து பெஞ்சுத் தோழியிடம் திட்டத்தைப் பற்றிக் கேட்டாள்.

“எங்க ஊருக்கு டவுன் பஸ்ஸே கிடையாதுடி. மினி பஸ்தான், காசு கொடுத்துத்தான் போறோம். இதுல எங்க அம்மாவுக்கு என்ன வந்துச்சு?”

பதில் இல்லை. இரண்டு நாள் கட்டுரையைத் தொடவே இல்லை.

செப்டம்பர் 30

‘எல்லாப் பெண்களுக்கும்’ என்பதை அடித்து, ‘டவுன் பஸ் ஓடும் ஊர்ப் பெண்களுக்கு’ என்று மாற்றினாள். எழுதும்போது கை தயங்கியது, விட்டுக்கொடுப்பதுபோல இருந்தது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால்தான் கட்டுரைக்கு முதுகெலும்பே வந்தது. அம்மாவின் 520 ரூபாய் ஏதுவாக நின்றது. தோழி கேட்ட கேள்வி இரண்டாம் பத்தியில் முழுசாக இடம்பிடித்தது. திட்டம் வேண்டுமா என்ற கேள்வி, பஸ் போகாத ஊருக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று வளர்ந்தது.

கொடுப்பதற்கு முன் தோழியிடம் காட்டினாள். அவள் நிதானமாகப் படித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“கடைசி மினி பஸ் எட்டு மணிக்குன்னு போட்டிருக்கே. ஏழரைக்கே போயிடும்.”

பேனாவை எடுத்துத் திருத்தினாள்.