சுவர்கள் தாமாகப் பேசா

யப்பானில் வேலை செய்யும் மகளிடம் போயிருந்தபோது, நாகசாகித் துறைமுகத்திலிருந்து படகில் ஹஷிமா தீவுக்குச் சென்றோம். கடலுக்கடியில் நிலக்கரி தோண்டுவதற்காக உருவான ஊர் அது. ஏறத்தாழ 6 ஹெக்டேயர் நிலத்தில் 1959இல் 5,000இற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பாடசாலை, வைத்தியசாலை, படமாளிகை எல்லாம் இருந்தன. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டைமாடிகளில் தோட்டம் செய்தார்கள்.

நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரலில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. இன்று கட்டடங்களுக்குள் போக முடியாது. நடைபாதையில் நின்றே பார்க்கலாம். கண்ணாடியில்லாத யன்னல்கள், இடிந்து விழும் சுவர்கள்.

1995 ஒக்ரோபரில், ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவள் நான். அந்த மக்களுக்கு மூட்டை கட்ட மூன்று மாதம் கிடைத்தது. ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் சீனர்களும் இதே சுரங்கத்தில் உழைத்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். வழிகாட்டி கட்டடங்களைப் பற்றி நிறையச் சொன்னார். மகள் மொழிபெயர்த்தாள். இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

2015இல் தீவு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, அவர்களின் கதையும் சொல்லப்பட வேண்டுமென்று தென்கொரியா வலியுறுத்தியது. கேட்க ஆளிருந்தபடியால்தான் உலகம் அதை அறிந்தது.

சகோதரிகளே, இடிந்த சுவர் தானாகப் பேசாது. உங்கள் வளவு, கிணறு, அயலவர்களின் பெயர்கள், வெளிக்கிட்ட நாள் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.