தலை பிடிக்கிறவர்கள்

காலை ஆறரை மணி பேட்ச் பெண்களுக்கானது. தென்சென்னையில் உள்ள ஒரு நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, வீட்டுச் சமையல் வேலைக்குப் போகும் அம்மா, ஐ.டி.காரர் இருவர். யாருக்கும் யாரையும் தெரியாது.

பயிற்சியாளருக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். கை, கால் அடிப்பதெல்லாம் பிறகுதான். முதலில் ஊதக் கற்றுத் தருகிறார். "மூச்ச அடக்காதீங்க. தண்ணிக்குள்ள ஊதுங்க, வெளிய வந்து இழுங்க." பயந்தவர்கள் மூச்சை நெஞ்சுக்குள்ளேயே பிடித்துக்கொள்வார்கள். கரியமில வாயு ஏற ஏறத் தவிப்பும் ஏறும். உள்ளேயே ஊதிவிட்டு வந்தால், மேலே இழுக்க மட்டும் நேரம் இருந்தால் போதும்.

அடுத்தது மல்லாந்து மிதப்பது. இதற்குத்தான் அவர் ஜோடி சேர்க்கிறார். தோழிகள் யாராவது சேர்ந்து வந்தால் பிரித்துவிடுவார். தெரிந்தவர்கள் என்றால் "போதும் விடு" என்று சலுகை கொடுத்துவிடுவார்களாம். ரொம்பப் பயப்படுகிறவரோடு, கொஞ்சம் குறைவாகப் பயப்படுகிறவர். ஒரு கை பிடரிக்குக் கீழே, ஒரு கை முதுகுக்குக் கீழே. நுரையீரல் நிறையக் காற்றிருந்தால் பெரும்பாலோரின் உடம்பு தண்ணீரைவிடச் சற்று லேசு. மெலிந்த அந்த மாணவி, கனத்த உடம்புள்ள வங்கி அம்மாவைச் சில விரல்களால் தாங்கி நின்றதை நான் பார்த்தேன்.

"சிரிச்ச முகமா இரும்மா," என்றார் பயிற்சியாளர் மாணவியிடம். "அவங்க காதுல தண்ணி. நீ சொல்றது சரியாக் கேக்காது. உன் முகம்தான் தெரியும்."

மாணவி சிரித்தாள். வங்கி அம்மாவின் இறுகிய கழுத்து தளர்ந்தது, இடுப்பு மேலே வந்தது. பெயர் கேட்டுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

கிணறுகள் இருந்த ஊர்களில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். சொந்தக்காரர்தான் ஆசிரியர். அந்தச் சொந்தம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சமையல் வேலை பார்க்கும் அம்மா சொன்னார்: "தம்பிக்கு மாமா கிணத்துல கத்துக்குடுத்தாரு. எனக்குக் கரையில துணி பாத்துக்குற வேலை." ஐ.டி.காரர்களில் ஒருவரை இங்கே கொண்டுவந்தது 2015 டிசம்பர் வெள்ளம். கைக்குழந்தையோடு மாடியிலிருந்து படகில் இறங்கிய அன்றே முடிவு செய்துவிட்டாராம். 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நீச்சலைக் கோடை விடுமுறைப் பொழுதுபோக்காக மட்டுமே நாம் வைத்திருப்பது எனக்கு வேதனை தருகிறது. பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் ஒவ்வொரு ஊர்க் குளத்திலும் இருந்தாக வேண்டும்.

பயிற்சியாளரின் பிழைப்பு எளிதல்ல. அடுத்தடுத்த பேட்ச்களுக்காக மணிக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கிறார். குளோரின் பட்டுப்பட்டு முடி செம்பட்டை அடித்துவிட்டது, தோல் வெளிறி உலர்ந்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அலைமோதும். மழை தொடங்கினால் ஆள் குறையும், வருமானமும் குறையும். ஆனாலும் ஒருவர் வரவில்லையென்றால் முதலில் கவனிப்பது அவர்தான். ஜோடியாக நின்றவரைப் பார்த்து, "போன் போட்டுப் பாருங்க" என்பார். அப்படித்தான் இவர்களுக்குள் நம்பர்கள் கைமாறின. மாணவிக்குக் காய்ச்சல் வந்தபோது வங்கி அம்மா ரசம் வைத்துக்கொண்டு விடுதிக்கே போயிருக்கிறார்.

கடைசிவரை தங்களைச் சேர்த்தே வைக்கும்படி இருவரும் கேட்டார்கள். பயிற்சியாளர் சம்மதிக்கவில்லை. "ஒரே கைக்குப் பழகிட்டா, அந்தக் கை இல்லாதப்ப முங்கிடுவீங்க," என்றார். வரும் திங்கட்கிழமை புது பேட்ச் தொடங்குகிறது. இவர்கள் இருவரையும் அன்று வரச் சொல்லியிருக்கிறார், ஆளுக்கொரு புதியவரின் தலையைப் பிடிக்க.