மலிந்த பங்கும் மண்ணாசையும்

நம்மவர்களுக்கு மண்ணின் மீதுள்ள பற்று புதிதன்று. கொழும்புக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்ற முன்னோர்கள் ஊர் திரும்பியதும் விசாரித்த முதற்செய்தி, தோப்பு ஏதும் விலைக்கு வருகிறதா என்பதுதான். பின்னாளில் அரபு நாடுகளுக்குச் சென்ற சபுராளிகளும் அவ்வழியே நடந்தனர். நகை களவு போகலாம், கடை நொடித்துப் போகலாம், மண் எங்கும் ஓடிவிடாது என்பது நம் வீடுகளில் எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்த பாடம். அப்பாடத்தோடு நமக்கு வழக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே பற்று இப்போது வேறோர் உருவில் நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. மண்ணை வாங்கி வேலியிட்டுக் காவல் காக்க வேண்டியதில்லை. மண்ணை வைத்திருக்கும் கட்டுமான நிறுவனத்தின் பங்கை வாங்கினால் போதும். அதுவும் மண்ணின் மதிப்பில் பாதி விலைக்கே கிடைக்கிறது என்கின்றனர், கணக்குப் படித்த நம் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு நம் குடும்பத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. காயல்பட்டினத்தில் இருக்கும் நம் தங்கை கணவரை இழந்தவர். கணவர் வழியில் வந்த தென்னந்தோப்பை விற்றதில் அவருக்கும் அவருடைய ஒரே மகளுக்கும் சேர வேண்டிய பங்காகப் பதினெட்டு இலட்சம் ரூபாய் வந்தது. மகளுக்கு வீடு கொடுப்பது அவ்வூர் வழக்கம். நான்கு ஆண்டுகளுக்குள் அந்த வீடு எழும்பியாக வேண்டும். பணத்தை நம்மிடம் ஒப்படைத்த தங்கை, "காக்கா, நீங்கள் என்ன செய்தாலும் சரி. வட்டிக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்றார். வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்கும் வழி அந்த ஒரு சொல்லோடு அடைபட்டது. பணமோ அமானத்.

நம் மகன் சென்னையில் தணிக்கையாளர் ஒருவரிடம் பணியாற்றுகிறான். அவன்தான் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து வந்தான். அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்பது அதன் தொழில். பங்கின் விலை அப்போது 210 ரூபாய்; பங்குகள் பத்துக் கோடி. ஆக, சந்தை அந்த நிறுவனத்துக்கு வைத்திருந்த விலை 2,100 கோடி ரூபாய். மகன் காட்டிய மதிப்பீட்டின்படி அதன் நிலங்களும் விற்பனையாகாத வீடுகளும் 5,500 கோடி பெறும். கடன் 1,500 கோடியைக் கழித்தால் 4,000 கோடி. ஒரு பங்குக்கு 400 ரூபாய்.

"நானூறு ரூபாய்ப் பொருள் இருநூற்றுப் பத்துக்குக் கிடைக்கிறது, வாப்பா. மாமி பணத்துக்கு இதைவிட நல்ல இடம் ஏது?" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டுமான நிறுவனங்களின் ஐந்தொகையில் நிலம் வாங்கிய விலையிலேயே எழுதப்பட்டிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஏக்கர் சில இலட்சத்துக்கு வாங்கிய புறநகர்ப் புஞ்செய், இன்று நகரமே அதைச் சுற்றி வளர்ந்துவிட்ட பின்பும், ஏட்டில் அதே சில இலட்சமாகவே நிற்கும். விற்ற வீடுகளின் இலாபமும் அவ்வாறே. 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் விதியின்படி, பெரும்பாலான குடியிருப்புத் திட்டங்களில் வீட்டைக் கட்டி முடித்து ஒப்படைக்கும்போதுதான் வருமானம் கணக்கில் ஏறுகிறது. அதுவரை வாங்குவோர் கட்டிய பணமெல்லாம் முன்பணம் என்ற பெயரில் பொறுப்புகளின் பக்கம் இருக்கும். ஆகவே வேலை மும்முரமாக நடக்கும் நிறுவனமும் ஏட்டில் நோஞ்சானாகத் தெரிவதுண்டு.

இவ்வளவும் சரி. ஆனால் 5,500 கோடி என்ற தொகையைச் சொன்னவர் யார்? நிலத்தை யாரும் விலை கேட்டு அந்தத் தொகை வரவில்லை. ஒருவர் தம் மேசையில் அமர்ந்து, இந்த நிலத்தில் இத்தனை சதுர அடி கட்டலாம், சதுர அடி இன்ன விலைக்குப் போகும், இத்தனை ஆண்டுகளில் விற்றுத் தீரும் என்று போட்ட கணக்கு அது. அறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டினால் நிறுவனத்தின் நிலம் என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேற்பட்டது பிறருடையது. நிலத்துக்காரர் நிலம் தருகிறார், நிறுவனம் கட்டுகிறது, வருவதைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். அது குற்றமன்று; நல்ல ஏற்பாடுதான். எனினும், ஒரு சிறு மனை வாங்குவதற்கு மூலப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று என்று அலையும் நாம், ஆயிரம் ஏக்கர் என்ற சொல்லை மட்டும் ஒருவர் வாயால் கேட்டு நம்பிவிடுவது வேடிக்கை அல்லவா?

நாமும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மிகை என்று வைத்துக்கொண்டால் 1,100 கோடி போகும். பங்குக்கு 290 ரூபாய் மிஞ்சும். கடன் 1,500 கோடிக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்றால் 150 கோடி. வீடுகள் நினைத்தபடி விற்காமல் நான்கு ஆண்டுகள் தேங்கினால், வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே 600 கோடி. பங்குக்கு அறுபது ரூபாய் அதில் கரைந்து, மிஞ்சுவது 230. நானூறு ரூபாய்ப் பொருள் என்பது இருநூற்று முப்பதாகிவிட்டது. யாரும் எதையும் திருடாமலேயே ஆகிவிட்டது! இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டுமானத்துக்காக வாங்கிய கடனின் வட்டியை அந்தத் திட்டத்தின் அடக்கவிலையோடு சேர்த்து எழுதக் கணக்கியல் விதி இடம் தருகிறது. எனவே அவ்வட்டி இலாப நட்டக் கணக்கில் உடனே செலவாகக் கண்ணில் படாது. கையிருப்பின் மதிப்பில் ஏறி அமர்ந்துகொள்ளும். கட்டடம் தாமதமாகத் தாமதமாக ஏட்டில் சொத்து வளர்ந்துகொண்டே போகும்.

மகன் சளைக்கவில்லை. "நடந்ததைப் பாருங்கள்" என்று அவனே டி.எல்.எஃப். நிறுவனத்தின் கதையை எடுத்தான். அந்தக் கதை நமக்கும் பயன்பட்டது. 2007-ஆம் ஆண்டு அந்நிறுவனம் பங்கு ஒன்று 525 ரூபாய்க்கு மக்களிடம் வந்தது. 2008 ஜனவரியில் விலை 1,200 ரூபாயைத் தாண்டியது. 2009 மார்ச்சில் 150 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. வெளியீட்டில் வாங்கியவர், அந்த வீழ்ச்சிக்குப் பின் தாம் கொடுத்த விலையை மீண்டும் காண ஏறத்தாழ 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே காலத்தில் யூனிடெக் என்ற நிறுவனத்தின் பங்கு 2008 ஜனவரியில் 500 ரூபாய்க்கு மேல் விற்று, ஓராண்டுக்குள் 30 ரூபாய்க்கு வந்தது. அந்நாளில் இரண்டையுமே மலிவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இரண்டிடமும் நிலம் ஏராளமாக இருந்தது.

பின்னர் நடந்ததுதான் வேறு. டி.எல்.எஃப். நிறுவனர் குடும்பத்தினர் 2017-இல் வாடகைக் கட்டடப் பிரிவில் தமக்கிருந்த பங்கைச் சிங்கப்பூரின் ஜி.ஐ.சி.க்கு விற்று, அப்பணத்தை நிறுவனத்துக்குள் கொண்டுவந்து கடனைக் குறைத்தனர். 2020-இல் 150 ரூபாய்க்கும் குறைவாக அந்தப் பங்கை வாங்கியவர் 2024-இல் 800 ரூபாய்க்கு மேல் கண்டார். யூனிடெக்கிலோ பணம் கட்டிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு கிடைக்காமல் நீதிமன்றப் படியேறின. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு நடுவண் அரசு அதன் நிர்வாகத்தை ஏற்றது. பங்கு சில ரூபாய்க் காகிதமாயிற்று. இரண்டையும் பிரித்தது மண்ணின் அளவன்று. கடன் எவ்வளவு, அதைத் தீர்க்க உரியவர் தம் சொந்தப் பணத்தை உள்ளே கொண்டுவந்தாரா, வாங்குவோரின் முன்பணம் உரிய கட்டடத்துக்கே போயிற்றா என்பவைதாம்.

2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் இந்த மூன்றாவது கேள்விக்கு ஓரளவு விடை தந்திருக்கிறது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அது வீடு வாங்குவோரைக் காக்க வந்த விதி. பங்கு வாங்குவோரைக் காக்க வந்ததன்று. நிறுவனம் நொடித்தால் சொத்தை விற்ற பணம் போய்ச்சேரும் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். நடைமுறைச் செலவு, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தோர், தொழிலாளர் கூலி, பிற கடன்காரர், அரசின் பாக்கி என்று எல்லாரும் கை நீட்டிய பிறகு, கடைசியில் நிற்பவர் பங்குதாரர். வீட்டுக்குப் பணம் கட்டியோரையும் 2018 முதல் கடன் கொடுத்தோர் வரிசையில் சேர்த்துவிட்டனர். அது நியாயமே. சீனத்தின் எவர்கிராண்ட் 2021 இறுதியில் தவணை தவறி, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டபோது, அதன் பொறுப்புகள் 30,000 கோடி டாலருக்கும் மேல். 2025 ஆகஸ்டில் அதன் பங்கு சந்தைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஊரூராக நிலம் வைத்திருந்த நிறுவனம் அது.

இனி, இப்பக்கங்களை வாசிக்கும் குடும்பங்களுக்கு உரிய கேள்வி. வட்டிக்குக் கொடுக்காதே என்று சொன்ன தங்கையின் பணத்தை, வட்டிக்கு வாங்கித் தொழில் செய்யும் நிறுவனத்தில் பங்காக்கலாமா? வட்டிக் கடன் அறவே இல்லாத பெரிய நிறுவனத்தைத் தேடினால் பங்குச் சந்தைப் பக்கமே போக முடியாது என்பதால், இக்கால அறிஞர்கள் ஒரு வரம்பு வகுத்திருக்கின்றனர். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு விதிகள் வகுக்கும் பஹ்ரைன் அமைப்பின் அளவுகோல், வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. டோ ஜோன்ஸ் இஸ்லாமியக் குறியீடு 24 மாதச் சராசரிச் சந்தை மதிப்பில் 33 விழுக்காடு என்கிறது. எஃப்.டி.எஸ்.இ. குறியீட்டுக்காரர்கள் சந்தை மதிப்பை விட்டுவிட்டு, ஏட்டில் உள்ள மொத்தச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்கின்றனர்.

நம் நிறுவனத்தை இந்த உரைகற்களில் உரசினோம். ஏட்டின்படி மொத்தச் சொத்து 4,800 கோடி. 1,500 கோடிக் கடன் அதில் 31 விழுக்காடு. தேறிவிட்டது! சந்தை மதிப்பான 2,100 கோடியோடு ஒப்பிட்டால் 71 விழுக்காடு. தேறவில்லை. மகன் முதலாவதைக் காட்டினான். நாம் இரண்டாவதில் விரலை வைத்தோம். பங்கு 400 ரூபாய்க்கு விற்றிருந்தால் அதே கடன் 38 விழுக்காடாகத் தெரிந்திருக்கும். விலை இறங்க இறங்கக் கடனின் பாரம் கூடுகிறது. எந்த மலிவைக் கண்டு மகன் மகிழ்ந்தானோ, அந்த மலிவே அதனை வரம்புக்கு வெளியே தள்ளுகிறது. மார்க்க அறிஞர்கள் சந்தை மதிப்பை அளவுகோலாக எடுத்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் ஏட்டுச் சொத்தில் வட்டியும் ஏறி அமர்ந்திருக்கும் இந்தத் தொழிலில், அதைக் கொண்டு கடனை அளப்பதைவிட இது கண்டிப்பான அளவுகோல் என்று நமக்குப் பட்டது.

பள்ளிவாசல் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடமும் தாளைக் காட்டினோம். இரு அளவுகோலுக்கும் சொல்வோர் உண்டு என்றவர், பணம் யாருடையது என்று கேட்டார். சொன்னோம். பிள்ளைக்கு வயது என்ன என்றார். பதினாறு என்றோம். தாளை மடித்து நம் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நம் சொந்தப் பணமாக இருந்தால், கடன் குறைகிறதா என்று இரண்டு ஆண்டறிக்கைகள் வரும்வரை பார்த்திருப்போம். நிறுவனர் தம் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பது மூன்று மாதத்துக்கொரு முறை வெளியாகிறது, அதையும் பார்த்திருப்போம். மலிந்த பங்கு பத்து ஆண்டு கழித்து விலை பெறலாம். மேலே கண்டபடி பெற்றும் இருக்கிறது. ஹாங்காங்கில் வாணிகம் செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர், 2023, 2024 ஆண்டுகளில் அங்குள்ள பெரிய மனை நிறுவனங்கள் பலவும் ஏட்டு மதிப்பில் பாதிக்கும் கீழாகவே விற்றன என்றார். பாதி விலை என்பது அங்கே தள்ளுபடி அன்று, வழக்கமான விலையாகிவிட்டது என்பது அவர் கருத்து. தங்கையின் மகளுக்கோ நான்கு ஆண்டுகள்தாம் உண்டு. நான்காம் ஆண்டின் இறுதியில் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வேண்டிய நாளில் சந்தை என்ன விலை சொல்லும் என்பதை யார் அறிவார்? 'வேண்டாம்' என்று முடிவு செய்தோம்.

மகன் தன் சம்பளத்திலிருந்து ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அப்பங்கை வாங்கினான். அவன் வாலிபன், அவனுக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் நலம் விசாரித்த பின், விலை 246 ஆகியிருக்கிறது, 239 ஆகியிருக்கிறது என்று மறவாமல் சொல்லுகிறான். தங்கைக்குக் காயல்பட்டினத்திலேயே தெருவை ஒட்டி ஒரு சிறு மனை பேசி, முன்பணம் கொடுத்திருக்கிறோம். வில்லங்கச் சான்றில் 1994-ஆம் ஆண்டின் அடமானம் ஒன்று இன்னும் இரத்துச் செய்யப்படாமல் நிற்கிறது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்கிறார் விற்பவர். அடமானம் பெற்றவரின் மகன் கொழும்பிலிருந்து வந்து கையெழுத்திட வேண்டும். ரஜப் மாதத்தில் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.