கணக்கு வாத்தியார் படிக்காத கணக்கு

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் ஊர்க் கணக்கை அதுவரை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. படிக்காமலே கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் ஐம்பது தடவைக்குக் குறையாது.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்துக்கு நாலு கிராம சபை நடக்கும். 2022-இலிருந்து மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை ஜனத்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு பேர் எங்கே வருகிறார்கள்? அதனால் கையெழுத்து வாங்க நோட்டு ஊரைச் சுற்றும். டீக்கடைக்குப் போகும், நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்குப் போகும், சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கும் வரும். நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “எங்க போடணும்?”

வெட்கம் இதோடு முடியவில்லை. 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபத்தோரு வயது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதை வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதிவிட்டுப் போன காலம். ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பதினைந்து பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். கல்லுடைக்கும் குவாரிக்குப் போய்வந்த ஓர் அக்கா அதில் இருந்தார். விரல் காய்ப்பேறி, பென்சிலைப் பிடித்தால் நழுவும். “படிச்சா உங்களை யாரும் ஏமாத்த முடியாதுக்கா” என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னவன் வேலை கிடைத்ததும் வாத்தியார் ஆனேன், வீடு கட்டினேன், மறந்துபோனேன்.

2022 ஆகஸ்ட் 15. பள்ளிக்கூட வாசலில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கிராம சபைக்குப் போயிருந்தேன். தலைவர் என் பங்காளி. போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார். ஊராட்சிச் செயலர் வரவு செலவை மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். படிவம் 30-இல் உள்ள செலவுக் கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி இப்படி வைக்க வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. அதன் முன்னால் ஒரே ஓர் ஆள்தான் நின்றார். அந்த அக்கா. அறுபது தாண்டிவிட்டது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். “தம்பி, மோட்டாரு பழுது, மோட்டாரு பழுதுன்னு மூணு எடத்துல வருது. அதே மோட்டாருதானே? இல்ல நான் தப்பா வாசிக்கிறேனா?”

சரியாகத்தான் வாசித்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கணக்குன்னா அப்படித்தான்க்கா இருக்கும். உங்களுக்குப் புரியாது. வாங்க, மிட்டாய் குடுக்குறாங்க” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்தேன். தலைவர் பங்காளி. நான் அரசு ஊழியன். வாத்தியாருக்கு எதற்கு இந்த வேலை என்று நாலு பேர் பேசுவார்கள். இந்தக் காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசல் காரணம் வேறு. என் வீட்டில் கேன் தண்ணீர். ஊர்க் குழாயில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளைகளும் நான் வேலை பார்த்த மாதிரியான பள்ளியில் படிக்கவில்லை. டவுனில் மெட்ரிகுலேஷனில் படித்தார்கள். ஊர்ப் பணம் வாங்கித்தரும் எதையும் நான் குடிக்கவில்லை, உடுத்தவில்லை. அப்புறம் அந்தக் கணக்கு எனக்கு எப்படி வலிக்கும்?

அடுத்த கோடையில் ஊர்க் குழாய் பத்தொன்பது நாள் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து போருக்கு நடந்தார்கள். வரிசையில் அந்த அக்காவும் நின்றார். அன்றைக்குத்தான் அந்த மூன்று வரி ஞாபகம் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டேன். தமிழ்நாட்டில் இதற்கு 1997-லேயே சட்டம் வந்தது. மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. நான் முதல் மனுவை 2023-இல் போட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன், திருடனைப் பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் போட்டேன். காகிதம் வந்தது. ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்கு உண்டு, முதலாவது பொது நிதி, இரண்டாவது கரண்ட் பில்லும் குடிநீர்க் கட்டணமும் கட்டுவதற்கு, மூன்றாவது திட்டப் பணத்துக்கு என்பதையே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்று ரிப்பேருக்கும் பில் இருந்தது. கடைக்காரரைக் கேட்டேன். மூன்று தடவையும் காயில் எரிந்து, மூன்று தடவையும் அவர்தான் ரீவைண்டிங் செய்திருக்கிறார். “போர்ல தண்ணி கீழ போயிருச்சு சார். மோட்டாரு சும்மா ஓடி எரியுது. எத்தன தடவ சுத்திக் குடுத்தாலும் எரியத்தான் செய்யும்.”

களவு போகவில்லை. ஊர்ப் பணம் நேர்மையாகவே எரிந்திருக்கிறது. போர் வற்றுகிறது என்று அந்த மூன்று வரி ஒன்பது மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கிறது. அன்றைக்கே யாராவது எழுந்து, “ஏன் மூணு தடவ?” என்று கேட்டிருந்தால், புது போருக்குத் தீர்மானம் போட்டு யூனியன் ஆபீசுக்கு அனுப்பியிருக்கலாம். கோடைக்குள் வேலை முடிந்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பத்தொன்பது நாள் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். கேட்க ஒருவர் இருந்தார். அவர் வாயை அடைத்தவன் நான். அந்தச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்த நூறு கையெழுத்தில் என்னுடையதும் ஒன்று.

கணக்கைத் திறந்து வைத்தால் சேவை தானாகச் சீராகிவிடும் என்று பேசுபவர்கள் உண்டு. உகாண்டாவை உதாரணம் காட்டுவார்கள். 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென்று அரசு அனுப்பிய மானியத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்குதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு எவ்வளவு அனுப்புகிறோம் என்று பத்திரிகையில் போட்டார்கள், பள்ளிச் சுவரிலும் ஒட்டினார்கள். சில வருஷத்தில் அது எண்பதைத் தாண்டியது. வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன. ஆனாலும் பத்திரிகையை யாரோ ஒரு தலைமையாசிரியர் படித்து, மாவட்ட அலுவலகத்தில் போய், “எங்க பணம் எங்கே?” என்று கேட்டிருக்க வேண்டும் அல்லவா? ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதல் மக்கள் விசாரணை நடத்தியபோதும் இதுதான் நடந்தது. கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். கேட்டவர்கள் எழுந்து, அது பொய் என்றார்கள். எங்கள் ஊரில் செயலர் வாசிக்கத்தான் செய்தார். நாங்கள் மிட்டாய் வாங்கிக்கொண்டு போனோம்.

இப்போது சாக்குச் சொல்லவும் வழியில்லை. இ-கிராம் ஸ்வராஜ் என்று செல்போனிலேயே எந்த ஊராட்சியின் வரவு செலவையும் பார்க்கலாம். பதினைந்தாவது நிதிக்குழு 2021-லிருந்து 2026 வரை ஊராட்சிக்குப் பரிந்துரைத்த மானியத்தில் அறுபது சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப்போடப்பட்டது. அதாவது அந்த அக்காவின் குடத்துக்கென்று ஒதுக்கிய பணம். போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் தெரிந்த எனக்கு இதைப் பார்க்கத் தெரியாமல் இல்லை.

மனுவுக்குப் பதில் வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குக் கொழை கட்டிக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு மேலே போட்டிருந்தது பழைய பிளக்ஸ். வெயிலில் எழுத்து வெளுத்திருந்தது.

“அக்கா, அன்னைக்கு நீங்க சரியாத்தான் வாசிச்சீங்க. நான்தான் பார்க்காமச் சொல்லிட்டேன்.”

அவர் முதலில் எதைச் சொல்கிறேன் என்று விளங்காமல் பார்த்தார். பிறகு சொன்னார்: “மோட்டாருக் கணக்கா? நமக்கு அதெல்லாம் புரியாது போலருக்குன்னு நான் அதுக்கப்புறம் அங்க போறதில்லையே தம்பி.”

ஆறு மாதம், ராத்திரி ராத்திரியாக, எழுத்து எழுத்தாகக் கொடுத்ததை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். காகிதத்தை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி உள்ளே இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த கிராம சபைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். ஆட்டை யார் பார்ப்பது என்றார்.

நான் போனேன். நோட்டு வந்தது. எங்கே போடணும் என்று கேட்கவில்லை. பிளக்ஸின் முதல் வரியிலிருந்து, விரலை வைத்துக்கொண்டு, படிக்கத் தொடங்கினேன்.